தருமிக்கு ஓர் அடையாள அட்டை

பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி டீன் சென்ற இதழில் எழுதியிருந்த நெடுங்கட்டுரையில், அடைமொழிகளையும் மேற்கோள்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே ஒரு மந்திரம்தான்: முதலாண்டு மாணவனை ஆராய்ச்சியாளன் என்று கூப்பிடுங்கள், கூப்பிடக் கூப்பிட அவன் அப்படியே ஆகிவிடுவான். நாமஜபத்தால் வீடுபேறு கிட்டும் என்பது பக்திமார்க்கத்தின் நம்பிக்கை. அதில் குறுக்கிட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஜபிப்பவன் ஒருவன், வீடுபேறு அடைபவன் வேறொருவன் என்ற ஏற்பாடு எந்தச் சமயத்தில் இருக்கிறது? டீன் முன்வைப்பது அந்த ஏற்பாட்டைத்தான். மாணவன் ஜபிக்கிறான், தரவரிசையில் கல்லூரி ஏறுகிறது.

இதை நேரடியாகச் சொல்லியிருந்தால் நேர்மை என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். அவரோ மேலைநாட்டு அறிஞர்களை அழைத்துவந்து மேடையில் உட்காரவைத்து மாலை போட்டிருக்கிறார். வந்தவர்களைப் பேசவிட்டாரா என்பதுதான் கேள்வி.

முதலில் லேவும் வெங்கரும். 1991-இல் வெளிவந்த அவர்களுடைய நூலைக் காட்டி, விளிம்பில் நிற்பவனையும் குழுவின் உறுப்பினனாக ஏற்றுக்கொண்டாலே போதும், அடையாளம் தானாக முளைத்துவிடும் என்கிறார் டீன். அட்டையைத் தாண்டி உள்ளே போயிருந்தால் லைபீரியத் தையற்கடைகள் அவர் கண்ணில் பட்டிருக்கும். அங்கே தொழில் பழக வரும் பையன் பொத்தான் தைப்பதிலும் ஓரம் மடித்துத் தைப்பதிலும் தொடங்குகிறான். பிறகு துண்டுகளை இணைத்துத் தைக்கிறான். துணி வெட்டும் கத்தரி அவன் கைக்குக் கடைசியில்தான் வருகிறது, ஏனென்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், தப்பாக வெட்டிய துணி போனது போனதுதான். அவனைச் சேர்ந்த அன்றே தேர்ந்த தையற்காரன் என்று அழைத்து மாலை போட்டதாக அந்த நூலில் எங்கும் இல்லை. அவன் தைத்த பொத்தான் நிஜமான ஒரு சட்டையில் போய்ச் சேருகிறது, அறுந்தால் சட்டைக்காரர் கடைக்குத் திரும்பி வருவார். அந்தப் பயம்தான் அவனைத் தொழிற்காரனாக்குகிறது. டீனின் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே பையன் கையில் கத்தரியைக் கொடுத்துவிடுகிறார்கள். துணியைத்தான் கொடுப்பதில்லை.

அடுத்து கார்லோனும் ஜான்சனும். அறிவியல் படித்த வெள்ளையரல்லாத 15 பெண்களைப் பற்றி 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் அடையாளத்துக்கு மூன்று கால்கள்: விஷயம் தெரிந்திருப்பது, தெரிந்ததைச் செய்து காட்டுவது, அதைப் பிறர் அங்கீகரிப்பது. முதல் இரண்டையும் டீன் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு மூன்றாவது காலில் கட்டுரையை நிறுத்துகிறார். அந்த மூன்றாவதும் முழுக்காலாக இல்லை. யாருடைய அங்கீகாரம் என்பதல்லவா அந்த ஆய்வின் உயிர்நாடி? தாங்கள் மதிக்கும் அறிவியலாளர்கள் தங்களைப் பொருட்படுத்தாததால், திறமை இருந்தும் அடையாளம் குலைந்து நின்ற பெண்களைப் பற்றி அல்லவா அது பேசுகிறது? அங்கீகரிப்பவருக்கு மறுக்கவும் அதிகாரம் இருந்தால்தான் அங்கீகாரத்துக்கு எடை. வருகிற எல்லோருக்கும் கும்பிடு போட்டு உள்ளே விடும் வாயிற்காவலரைப் பார்த்து எவனாவது தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்வானா?

கோட்பாட்டை விட்டுச் சான்றுக்கு வந்ததும் டீனின் குரல் மாறுகிறது. முடிவைவிடத் தேடல்தான் முக்கியம், எண்ணிக்கையைவிட மனப்பான்மைதான் முக்கியம் என்று முதல் பாதியில் தத்துவம் பேசியவர், இரண்டாம் பாதியில் தம் மாணவர்கள் போட்ட பேப்பர்களின் எண்ணிக்கையை வருடவாரியாகப் பட்டியலிடுகிறார். எண்ணிக்கை முக்கியமில்லை என்றால் எதற்கு எண்ணினார்? மனப்பான்மைதான் முக்கியம் என்றால் அதைப் பற்றி ஒரு மாணவனிடமாவது கேட்டாரா? கட்டுரை முழுக்க மாணவன் கர்த்தாவாக வருகிறானே ஒழிய, ஓர் இடத்திலும் வாய் திறக்கவில்லை.

பேப்பர்களைப் பார்ப்போம். 2013-இல் ஜான் பொஹானன், 'சயின்ஸ்' இதழுக்காக, வேண்டுமென்றே அபத்தப் பிழைகளோடு சமைத்த ஓர் ஆய்வுக்கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலிருந்து இயங்கியவற்றில் 64 ஏற்றன. வேண்டாம் என்று சொன்னவை 15. அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பு எம்ஐடி மாணவர் மூவர் கணினி நிரல் ஒன்றை எழுதி, அது உளறிய கட்டுரையை ஒரு சர்வதேச மாநாட்டுக்கு அனுப்ப, அதுவும் ஏற்கப்பட்டது. நம் ஊர்ச் சங்கதி இன்னும் ருசிகரமானது. காசு வாங்கிப் பேப்பர் போடும் இதழ்களிலிருந்து கல்வித்துறையைக் காப்பாற்றப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 'கேர்' பட்டியல், ஆறேழு ஆண்டுகளுக்குள் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, நல்ல இதழ் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது. அதாவது, டீன்களிடம். பால் திருட்டுப்போகிறது என்று புகார் கொடுத்தால் பூனையையே காவலுக்கு அமர்த்திய கதை.

பேப்பர் எப்படிப் பிறக்கிறது என்பது ஃபைனல் இயர் வகுப்பறையில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும்; டீனுக்கு மட்டும் தெரியாதாம், நம்புவோம். ஒரு பேஸ் பேப்பரை எடுக்க வேண்டும். 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்' என்று ஒரு அத்தியாயம், அதில் பாவப்பட்ட பழைய முறை; 'ப்ரொபோஸ்டு சிஸ்டம்' என்று அடுத்த அத்தியாயம், அதில் நம்முடைய மேலான முறை; இடையில் துல்லியம் ஒன்றிரண்டு சதவீதம் கூடியிருக்கும். நிரலும் ரிப்போர்ட்டும் வைவாவில் சொல்ல வேண்டிய பதில்களும் ப்ராஜெக்ட் சென்டரில் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குத் தப்ப, சொற்களை மாற்றிப்போடும் இன்னொரு மென்பொருள். 2021 முதல் கபானாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படிச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் தேடிப் பிடித்து அம்பலமாக்கினார்களே, அவற்றில் செயற்கை நுண்ணறிவு 'கள்ள உணர்வு' ஆகியிருந்தது, மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சின் ஆபத்து' ஆகியிருந்தது. எழுதியவனும் படிக்கவில்லை, திருத்த வேண்டியவரும் படிக்கவில்லை, வெளியிட்டவரும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும்?

தருமி கதையை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பாட்டை வேறொருவர் எழுதிக் கொடுத்தார், பொற்கிழி தேவைப்பட்ட ஏழை அதைச் சபையில் படித்தான். இதுவரை ஃபைனல் இயர் ப்ராஜெக்டேதான். வித்தியாசம் என்னவென்றால், மதுரையில் நக்கீரன் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். பாட்டில் குற்றம் என்றான். அதனால்தான் அது சபை. டீன் நடத்தும் சபையில் நக்கீரனுக்கு இருக்கை இல்லை. தருமிக்கு மட்டும் 'இளம் ஆராய்ச்சியாளர்' என்று அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பேப்பரை எண்ணும்போது அவன் சுதந்திரமான ஆராய்ச்சியாளன். அதே பேப்பர் திருட்டு என்று பிடிபட்டால்? "பசங்க தெரியாமல் செய்துவிட்டார்கள்." கைடின் பெயரும் துறைத் தலைவரின் பெயரும் பேப்பரில் இருக்கும், விசாரணை அறிக்கையில் இருக்காது. ஒரே ஆள் காலையில் ஆராய்ச்சியாளன், மாலையில் அறியாப்பிள்ளை. டீன் பெருமையோடு பேசும் அடையாள உருவாக்கத்தின் நெளிவுசுளிவு இதுதான். சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இளநிலை மாணவர்களைத் தேர்வறையில் உட்காரவைத்து நான்கு மணி நேரத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதவைத்ததையும், கல்லூரியின் தரவரிசைக்கு அதனால் கிடைத்த ஆதாயத்தையும் பற்றி 2023-இல் 'சயின்ஸ்' இதழிலேயே செய்தி வந்தது. முறைகேடு ஏதுமில்லை என்று நிர்வாகம் சொன்னது. பொறியியல் கல்லூரிகளை ஆளும் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பில் ஆராய்ச்சிக்கும் தொழில்முறைச் செயல்பாட்டுக்கும் 100-க்கு 30 மதிப்பெண். அந்த முப்பதை ஒரு சொல்லால்கூடத் தொடாமல், மாணவரின் சுயமதிப்பைப் பற்றி மட்டுமே இத்தனை பக்கம் உருகுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

டீன் தம் கட்டுரையின் மகுடமாக வைத்திருக்கும் எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. அவருடைய மாணவர் நால்வர், இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதினார்களாம், துல்லியம் 98 சதவீதமாம், விவசாயிகளின் துயர் தீரப்போகிறதாம். எந்தப் படத்தொகுப்பு என்று அவர் சொல்லவில்லை. இந்த ஊர் ப்ராஜெக்ட்களில் அது பெரும்பாலும் 'பிளான்ட்வில்லேஜ்' ஆகத்தான் இருக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். இதே தொகுப்பை வைத்து மொஹந்தியும் சகாக்களும் 2016-இலேயே 99.35 சதவீதத் துல்லியத்தை எட்டிவிட்டார்கள். அப்படியானால் 98 என்பது முன்னேற்றமா, பின்னேற்றமா? அது போகட்டும். அந்த 2016 கட்டுரையை எழுதியவர்கள் அதே கட்டுரையில் இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதினார்கள்: வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது தங்கள் நிரலின் துல்லியம் 31 சதவீத அளவுக்கு விழுந்துவிட்டது. 99 எப்படி 31 ஆனது? தொகுப்பில் உள்ள இலைகள் செடியிலிருந்து பறித்து, வெற்றுப் பின்னணியில் வைத்துப் படமெடுக்கப்பட்டவை. வயலில் இலை அப்படியா கிடக்கிறது? மண் இருக்கும், நிழல் இருக்கும், பக்கத்து இலை மேலே விழுந்திருக்கும், நாலுமணி வெயில் இருக்கும். 2022-இல் நோயன் என்பவர் தலைமையில் சிலர் இதை நோண்டினார்கள். இலையைத் தொடாமல், பின்னணியிலிருந்து வெறும் 8 படப்புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு நிரலுக்குப் பழக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 2.6 சதவீதம் சரியாக வரும். இந்த நிரல் 49 சதவீதம் சரியாகச் சொன்னது. இலையைப் பார்க்காமலே! எந்த நோயுள்ள இலையை எந்த வெளிச்சத்தில் எந்தத் தாளின்மேல் வைத்துப் படமெடுத்தார்கள் என்பதைத்தான் அது கற்றிருந்தது.

டீன் அவர்களே, ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் இருந்தது. உங்கள் மாணவர் நால்வரில் ஒருத்தி தன் ஊர்த் தக்காளித் தோட்டத்துக்குக் கைப்பேசியை எடுத்துப்போய், அந்த 98 சதவீத நிரலைக் காட்டியிருந்தால், அது உளறியிருக்கும். ஏன் உளறுகிறது என்று அவள் முகம் சுளித்து நின்றிருந்தால், அந்த நிமிஷத்திலிருந்து அவளை நீங்கள் ஆராய்ச்சியாளர் என்று அழைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவளே சந்தேகப்பட ஆரம்பித்திருப்பாள். பின்னணிப் புள்ளிச் சோதனைக்கு உயர்ரகக் கருவி வேண்டாம், வெளிநாட்டு உதவித்தொகை வேண்டாம், பி.இ. மாணவியின் மடிக்கணினி போதும். அவளுக்கு என்ன தடை? செகண்ட் ரிவ்யூவில் துல்லியம் 98 என்று ஸ்லைடு காட்ட வேண்டும். வயலுக்குப் போய் 30 என்று வந்து நின்றால் கைடு என்ன சொல்வார் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உண்மையான ஒரு கண்டுபிடிப்பைத் தோல்வி என்று எண்ணி அழிக்கும்படி அவளைப் பழக்கிவிட்டு, அழித்ததற்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அவளும் வாங்கிக்கொள்கிறாள், ஆனால் அதை நம்புகிறாள் என்றா நினைக்கிறீர்கள்? வேலைக்கான நேர்காணலில், பேப்பரைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று தன்விவரக் குறிப்பின் அந்த வரியின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அடையாளமாம்!

காப்புரிமைக்கு ஒரு பத்தி போதும். டீனின் மாணவர்களுக்குப் பல பேட்டன்ட்கள் 'பப்ளிஷ்' ஆகியிருக்கின்றன என்கிறார். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, விலக்கான சிலவற்றைத் தவிர எந்த விண்ணப்பமும் 18 மாதத்தில் தானாகவே வெளியிடப்படும். அவசரமென்றால் படிவம் 9-ஐயும் கட்டணத்தையும் கொடுத்து முன்கூட்டியே வெளியிட வைக்கலாம். வெளியிடுவது வேறு, பரிசோதித்து வழங்குவது வேறு. கல்வி நிறுவனங்களுக்கு 2021-இல் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்த பிறகு, வெளியாகும் பட்டியல் நீள்வதில் ஆச்சரியம் என்ன? எத்தனை வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கையைத்தான் டீன் மறந்துவிட்டார். மறதி மனித இயல்பு.

அடுத்து, தெரியாமையே இளைஞரின் பலம் என்ற அத்தியாயம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் கிராபிவின், ஹாஷ் அட்டவணை பற்றிக் கணினி அறிஞர் யாவோ 1985-இல் முன்வைத்த ஊகம் இருப்பதே தெரியாமல் அதை உடைத்துவிட்டார், ஆகவே அதிகம் படிக்கத் தேவையில்லை என்கிறார் டீன். முதல் பாதி சரி. ஆனால் அவர் தொடங்கியது எங்கே? தம் பேராசிரியரும் சேர்ந்து எழுதிய ஒரு கடினமான ஆய்வுக்கட்டுரையைப் படித்து, விட்டுவிட்டு மீண்டும் அதற்கே திரும்பி, அதில் உள்ளதைச் செம்மைப்படுத்த முயன்றதில். தாம் உடைத்தது என்ன என்பதே கார்னகி மெலனின் குஸ்மால் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு நல்ல கட்டுரையைப் பொருள் விளங்கப் படித்ததையும், விஷயம் தெரிந்த ஒருவர் அதைச் சோதித்ததையும் விட்டுவிட்டு, தெரியாமையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது டீனுக்கே கைவந்த கலை.

அவர் பெயர் சொல்லி அழைத்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதையும் அவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. 1928. சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேச வந்த இயற்பியலாளர் ஸொம்மர்ஃபெல்டை, மாணவர் சந்திரசேகர் விடுதிக்குத் தேடிப்போய்ப் பார்க்கிறார். ஸொம்மர்ஃபெல்டின் அணுக்கட்டமைப்பு நூலைக் கரைத்துக் குடித்திருந்த பையன் அவர். ஸொம்மர்ஃபெல்ட் என்ன செய்தார்? இளம் ஆராய்ச்சியாளரே என்று முதுகில் தட்டினாரா? நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார். புதிய புள்ளியியலைப் பயன்படுத்தித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். பையன் அதைப் படித்து, அடுத்த ஆண்டே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டார், பட்டம் வாங்கும் முன்பே. அங்கீகாரம் எப்படி இருக்கும் என்றால் இப்படித்தான் இருக்கும்: உனக்குத் தெரிந்தது போதாது என்று முகத்துக்கு நேரே சொல்வது, சொல்லிவிட்டு அடுத்த படியைக் கையில் கொடுப்பது.

பொறியியல் மாணவர்தான் வேண்டுமென்றால் கான்பூர் ஐஐடி இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் தீர்மானிக்கும் வழிமுறையை 2002 ஆகஸ்டில் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து அறிவித்த நீரஜ் கயாலும் நிதின் சக்ஸேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். வித்து 1999-இல் அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் எழுதியது. அதை 2001-இல் இரண்டு பி.டெக். மாணவர்கள் ப்ராஜெக்டாக எடுத்து ஓர் ஊகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து 2002 ப்ராஜெக்டில் கயாலும் சக்ஸேனாவும் தொடர்ந்தார்கள். சீனியர் ப்ராஜெக்டை ஜூனியர் எடுப்பது நம் கல்லூரிகளிலும் நடப்பதுதான். இங்கே முதல் பக்கத்தில் பெயரையும் பேட்ச்சையும் மாற்றி மறுபடி பைண்டிங் போடுகிறோம், அவ்வளவே வேறுபாடு.

கடைசியாக, எல்லோரையும் கைகட்டி நிற்கவைக்கும் ஆயுதத்தை டீன் எடுக்கிறார். இதையெல்லாம் கேள்வி கேட்பவர்கள் மேட்டுக்குடி மனப்பான்மையாளர்களாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆராய்ச்சியாளர் ஆவது பொறுக்காதவர்களாம். தமிழ்நாட்டில் இந்தச் சொற்கள் ரத்தமும் வியர்வையும் சிந்திச் சம்பாதித்தவை. கல்லூரி விளம்பரத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு அல்ல. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தந்தது அரசு. கான்ஃபரன்ஸ் கட்டணத்தையும் இதழ் கட்டணத்தையும் ப்ராஜெக்ட் சென்டர் தொகையையும் யார் கட்டுகிறார்கள்? அந்தப் பிள்ளையின் அப்பா. யாருக்கு மதிப்பெண் ஏறுகிறது? கல்லூரிக்கு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது போலி இதழ் என்று சொல்ல வீட்டில் ஒரு மாமாவாவது இருப்பார்; முதல் பட்டதாரிக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் கைடு ஒருவர்தான், அவரோ பதவி உயர்வுக்கு அதே பேப்பரை நம்பி இருக்கிறார். ஏழைப் பிள்ளைக்கு எளிய அளவுகோல் போதும் என்று தீர்மானித்த டீனா சமத்துவவாதி? நிஜமான நக்கீரனிடம் நின்று வாதாடும் தகுதி அவளுக்கும் உண்டு என்கிறவனா மேட்டுக்குடி?

மாற்று என்ன என்று கேட்டு முடிக்கிறார். காசு செலவில்லாத இரண்டு காரியம் சொல்கிறேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எது வேலை செய்யவில்லை, ஏன் என்று ஓர் அத்தியாயத்தைக் கட்டாயமாக்கி, வைவாவில் அதற்குத்தான் அதிக மதிப்பெண் என்று அறிவியுங்கள். போன வருட ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்து அதன் தவறைக் கண்டுபிடிப்பதையே இந்த வருட ப்ராஜெக்டாக அனுமதியுங்கள். கைடு அதே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. தரவரிசைப் படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதற்கு மறுப்பு எழுதுவீர்கள், எழுத வேண்டும். இதழுக்கு அனுப்பும் முன் அதை உங்கள் மூன்றாமாண்டு மாணவி யாரிடமாவது கொடுத்து, தப்பு இருக்கும் இடத்திலெல்லாம் சிவப்பு மையால் கோடு போடச் சொல்லுங்கள். அவள் தயங்காமல் போட்டால் உங்கள் கல்லூரியில் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். கோடு போட்ட பிரதியைத்தான் அச்சிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.